கால்வாயில் போட்ட காசு

2014-ம் வருஷம் செப்டம்பர் மாதம் எகிப்து தேசத்து வங்கிகளின் வாசலில் காலையிலேயே கூட்டம் நிற்க ஆரம்பித்தது. வயசானவர்கள், பென்ஷன்காரர்கள், குழந்தையை இடுப்பில் வைத்த தாய்மார்கள் என்று எல்லாரும் வரிசையில் நின்றார்கள். அவர்கள் பணம் எடுக்க நிற்கவில்லை, கொடுக்க நின்றார்கள். சூயஸ் கால்வாயில் பக்கத்திலேயே இன்னொரு தடம் வெட்டப் போகிறோம், அதற்கான பணத்தை வெளிநாட்டில் கேட்கப் போவதில்லை, நம் ஜனங்களே கொடுங்கள் என்று அந்த அரசாங்கம் கேட்டிருந்தது. எட்டே வேலை நாளில் 6,400 கோடி எகிப்து பவுண்டு சேர்ந்துவிட்டது. அதில் பெரும் பகுதி தனி மனிதர்கள் போட்ட பணம்தான். வங்கிப் பக்கமே போகாத பணம், அதாவது நம் ஊரில் அரிசி டப்பாவிலும் புடவை மடிப்பிலும் இருக்குமே அந்த ஜாதிப் பணம், அதுவும் கணிசமாக வெளியே வந்ததாம்.

இதை நான் படித்தபோது எனக்கு முதலில் தோன்றியது, 'அந்தப் பெண்களுக்குப் போட்ட காசு திரும்பி வந்ததா?' என்பதுதான். நமக்கு அதுதானே முக்கியம்?

நான் பத்தாவதோடு படிப்பை நிறுத்தியவள். இருக்கிறது தூத்துக்குடியில். என் வீட்டுக்காரருக்குத் துறைமுகத்தை ஒட்டிய கிளியரிங் ஆபீஸில் வேலை. எங்கள் வீட்டில் காலைக் காபியோடு கப்பல் பேச்சும் சேர்ந்தே வரும். இருந்தாலும் இந்தச் சூயஸ் கதையைத் தேடித் தேடிப் படித்ததற்குக் காரணம் வேறு. இரண்டு விஷயங்கள் ஒரே சமயத்தில் எங்கள் வீட்டு வாசலுக்கு வந்தன. ஒன்று, நான் மூன்று வருஷமாகக் கட்டி எடுத்த சீட்டுப் பணம். இன்னொன்று, பன்னிரண்டாவது படிக்கும் என் பெண், தான் கப்பலுக்குத்தான் படிக்கப் போவதாகச் சொன்னது. இரண்டுக்கும் நடுவில் ஒரு மனிதர் வந்து "உலக உள்கட்டமைப்பு" என்று ஒரு பெரிய வார்த்தையைப் போட்டுவிட்டுப் போனார். அவரைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

உள்கட்டமைப்பு என்றால் பயப்பட வேண்டாம். ரோடு, பாலம், ரயில் பாதை, துறைமுகம், மின்சாரக் கம்பி, குடிநீர்க் குழாய், கடலுக்கடியில் போகும் டெலிபோன் கேபிள் எல்லாம் அதில் அடக்கம். ஒரு தடவை கட்டினால் ஐம்பது வருஷம், நூறு வருஷம் உழைக்கும். அதைத் தாண்டி யாரும் போக முடியாது. போகிறவர்கள் சுங்கம் கட்டித்தான் ஆக வேண்டும். கிணறு வெட்டியவனுக்கும் அதில் இறைப்பவனுக்கும் உள்ள சம்பந்தம்தான். வெட்டும்போது செலவு, தண்ணீர் வந்தால் காலத்துக்கும் வருமானம். ஆனால் தண்ணீர் வருமா, எத்தனை அடியில் வரும், அதுவரை வெட்டுகிறவன் கையில் பணம் இருக்குமா என்பதெல்லாம் வெட்டும்போது தெரியாது.

சூயஸையே எடுத்துக்கொள்ளுங்கள். பெர்டினாண்ட் டி லெஸ்ஸெப்ஸ் என்ற பிரெஞ்சுக்காரர் 1858-ல் இதற்கென்று ஒரு கம்பெனி தொடங்கினார். 4 லட்சம் பங்குகள், பங்கு ஒன்று 500 பிராங்க். பாதிக்கு மேல் பிரான்ஸ் தேசத்து ஜனங்கள் வாங்கினார்கள். கடைக்காரர், வாத்தியார் என்று சின்னச் சின்ன ஆட்கள்தான் அதிகம். மீதியில் பெரும் பங்கை எகிப்து மன்னர் தலையில் கட்டினார்கள். 1859-ல் வேலை தொடங்கியது. முதல் சில வருஷங்கள் எகிப்துக் குடியானவர்களைப் பல்லாயிரக்கணக்கில் கட்டாய வேலைக்குப் பிடித்து வந்து கையாலும் கூடையாலும் மண் அள்ள வைத்தார்கள். அது நின்ற பிறகு இயந்திரங்கள் வந்தன. 1869 நவம்பர் 17-ல் கால்வாய் திறந்தது.

திறந்ததும் லாபம் கொட்டியதா? இல்லை. முதல் இரண்டு வருஷம் எதிர்பார்த்த கப்பலில் பாதிகூட வரவில்லை. 500 பிராங்க் பங்கு பாதி விலைக்கும் கீழே போயிற்று. வாங்கி வைத்திருந்த எத்தனை குடும்பத்தில் அப்போது சண்டை நடந்திருக்கும் என்று நினைத்துப் பார்க்கிறேன்! பயந்து விற்றவர்கள் விற்றார்கள். பல்லைக் கடித்துக்கொண்டு வைத்திருந்தவர்களுக்கு 1880களின் தொடக்கத்தில் அதே பங்கு 2,000 பிராங்கைத் தாண்டியது.

பாவம், எகிப்துதான் வைத்திருக்க முடியாமல் போனது. கடன் கழுத்தை நெரித்ததால் மன்னர் இஸ்மாயில் 1875-ல் தன் பங்குகள் 1,76,602-ஐயும் இங்கிலாந்துக்கு 40 லட்சம் பவுனுக்கு விற்றுவிட்டார். தன் மண்ணில், தன் ஜனங்கள் செத்து வெட்டிய கால்வாயில் எகிப்துக்கு ஒரு பங்குகூட இல்லை! 1956-ல் நாசர் அதை நாட்டுடைமை ஆக்கியதும், 2014-ல் ஜனங்கள் அப்படி முண்டியடித்துக்கொண்டு பணம் போட்டதும் ஏன் என்று இப்போது புரிகிறதல்லவா? எங்கள் ஊர்க்காரியான எனக்கு நன்றாகவே புரிகிறது. வ.உ.சி. 1906-ல் சுதேசிக் கப்பல் கம்பெனி தொடங்கியபோது பங்கு ஒன்று 25 ரூபாய். அதையும் ஜனங்கள் வட்டிக் கணக்குப் பார்த்தா வாங்கினார்கள்? வெள்ளைக்காரன் கப்பலோடு போட்டி போட்டு, 1908-ல் வ.உ.சி. ஜெயிலுக்குப் போய், கம்பெனியும் கரைந்துபோனது. பங்கு வாங்கியவர்களுக்கு மிஞ்சியது பெருமை மட்டும்தான்.

பனாமாவில் போனது போனதுதான்

சூயஸில் வெற்றி பெற்ற அதே லெஸ்ஸெப்ஸ், வயது எழுபதுக்கு மேல் ஆன பிறகு, அமெரிக்கக் கண்டத்தின் இடுப்பில் பனாமாவில் இன்னொரு கால்வாய் வெட்டுகிறேன் என்று கிளம்பினார். 1880-ல் பங்கு விற்பனை. அவர் பெயரைச் சொன்னாலே போதும், ஜனங்கள் பணத்தை அள்ளிக் கொடுத்தார்கள். முதல் தடவை ஒரு லட்சம் பேருக்கு மேல் வாங்கினார்கள். முக்கால்வாசிப் பேர் ஐந்து பங்குக்குள் வாங்கிய சாதாரண ஆட்கள். தங்கள் சொந்தப் பெயரிலேயே வாங்கிய பெண்கள் ஆயிரக்கணக்கில் இருந்தார்கள். கைம்பெண்கள், வேலைக்காரிகள், பெண்ணுக்குச் சீதனம் சேர்த்த தாய்மார்கள்.

சூயஸ் மணல்காடு. பனாமாவோ மலையும் மழையும் காடும். சூயஸ் மாதிரியே கடல் மட்டத்துக்குத் தோண்டுவேன், பூட்டுத் தொட்டியெல்லாம் வேண்டாம் என்று அவர் பிடிவாதம் பிடித்தார். தோண்டத் தோண்ட மலை சரிந்து குழியை மூடிற்று. மஞ்சள் காய்ச்சலும் மலேரியாவும் வந்து வேலையாட்கள் 20,000 பேருக்கு மேல் செத்தார்கள். கொசுதான் காரணம் என்று அப்போது யாருக்கும் தெரியாது. ஆஸ்பத்திரியில் எறும்பு ஏறாமலிருக்கக் கட்டில் கால்களைத் தண்ணீர்க் கிண்ணத்தில் வைத்தார்களாம். கொசு அதிலேயே முட்டையிட்டது! பணம் போதவில்லை, இன்னும் கொடுங்கள், இன்னும் கொடுங்கள் என்று கம்பெனி கேட்டுக்கொண்டே இருந்தது. கடைசியில் லாட்டரிப் பரிசு சேர்த்துக்கூடக் கடன் பத்திரம் விற்றார்கள். பத்திரிகைக்காரர்களுக்கும் அரசியல்வாதிகளுக்கும் காசு கொடுத்து நல்லதாகவே எழுதவும் பேசவும் வைத்ததெல்லாம் பிறகு கோர்ட்டில் வெளிவந்தது. 1889-ல் கம்பெனி மூழ்கிற்று. சுமார் 8 லட்சம் குடும்பங்களின் பணம் போனது.

கால்வாய் பிறகு வந்தது. அமெரிக்கா 1904-ல் வேலையை எடுத்து, கொசுவை ஒழித்து, பூட்டுத் தொட்டி கட்டி 1914 ஆகஸ்டில் திறந்துவிட்டது. 1999 கடைசியில் பனாமா நாட்டின் கைக்கே வந்து இன்றைக்கும் வருமானம் கொடுக்கிறது. நல்ல திட்டம்தான்! ஆனால் முதலில் காசு போட்ட பிரெஞ்சுப் பாட்டிக்கு அதனால் என்ன பிரயோஜனம்? கால்வாய் பிழைப்பது வேறு, காசு பிழைப்பது வேறு. இதை எழுதும்போது எனக்கே வயிற்றைக் கலக்குகிறது.

12 சதவிகித வட்டி

சரி, 2014-ல் போட்ட எகிப்துப் பெண்களுக்கு வருவோம். அவர்கள் வாங்கியது பங்கு அல்ல, பத்திரம். வருஷத்துக்கு 12 சதவிகித வட்டி, ஐந்து வருஷம், அரசாங்கத்தின் நிதியமைச்சகமே ஜவாப்தாரி. 10 பவுண்டுக்குக்கூட வாங்கலாம் என்று வைத்திருந்தார்கள். பள்ளிக்கூடப் பிள்ளைகளும் வாங்கட்டும் என்ற எண்ணம். 1,000 பவுண்டுப் பத்திரத்துக்கு மூன்று மாதத்துக்கு ஒரு தடவை வட்டி கையில் வரும்.

மூன்று வருஷ வேலையை ஒரே வருஷத்தில் முடித்தார்கள். 35 கிலோமீட்டருக்குப் புதுத்தடம், இன்னொரு 37 கிலோமீட்டருக்குப் பழைய தடத்தை ஆழமாக்கி அகலமாக்கும் வேலை. நெதர்லாந்து, பெல்ஜியம், ஐக்கிய அரபு நாட்டுத் தூர்வாரும் கப்பல்கள் எல்லாம் வந்து நின்று 25 கோடி கன மீட்டருக்கு மேல் மண்ணை உறிஞ்சி எடுத்தன. 2015 ஆகஸ்ட் 6-ல் திறப்பு விழா.

2023-ல் வருஷத்துக்கு 1,320 கோடி டாலர் வரும் என்று அதிகாரிகள் சொல்லியிருந்தார்கள். திறந்த 2015-ம் வருஷத்தில் வந்தது 2014-ஐவிடக் கொஞ்சம் குறைச்சல்! கால்வாய் அகலமானால் மட்டும் போதுமா, உலகத்தில் வியாபாரம் நடந்தால்தானே கப்பல் வரும்? பிறகு மெல்ல ஏறி 2023-ல் 1,000 கோடி டாலரைத் தாண்டிற்று. அது சாதனைதான். அந்த வருஷக் கடைசியில் செங்கடலில் ஹௌதிகள் கப்பல்களைத் தாக்க ஆரம்பித்தார்கள். பெரிய கம்பெனிகள் எல்லாம் ஆப்பிரிக்காவைச் சுற்றிக்கொண்டு போயின. 2023-ல் 26,000 கப்பலுக்கு மேல் கடந்த கால்வாயில் 2024-ல் பாதி அளவே வந்தது. வருமானம் 400 கோடி டாலருக்கு இறங்கிவிட்டது. அந்தச் சமயம் எங்கள் தூத்துக்குடியிலும் தெரிந்தது. ஐரோப்பாவுக்குப் போகும் திருப்பூர் பனியன் பெட்டிகளுக்குப் பத்து, பதினைந்து நாள் கூடுதல் பயணம், கூலியும் ஏறிப்போச்சு. என் வீட்டுக்காரர் ராத்திரி பத்து மணிவரை போனில் யாரையாவது சமாதானப்படுத்திக்கொண்டே இருப்பார்.

இதற்குள் பத்திரக்காரர்களின் கணக்கு முடிந்துவிட்டிருந்தது. 2019 செப்டம்பரில் அசல் முழுவதும் திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். ஒரு பைசா பாக்கியில்லை. கதை இதோடு முடிந்திருந்தால் நானும் சந்தோஷப்பட்டிருப்பேன்.

நடுவில் 2016 நவம்பரில் எகிப்து தன் நாணயத்தின் மதிப்பைச் சந்தையின் கையில் விட்டுவிட்டது. ஒரு டாலருக்கு 9 பவுண்டுக்குள் இருந்தது ஒரே மாதத்தில் 18-ஐத் தொட்டது. அடுத்த வருஷம் விலைவாசி 33 சதவிகிதம்வரை ஏறிற்று. சர்க்கரை, எண்ணெய், மருந்து எல்லாம் தாறுமாறு. ஜனங்கள் கொதித்துப்போகக் கூடாது என்று பத்திரத்தின் வட்டியை 15.5 சதவிகிதமாக உயர்த்தினார்கள். அது நியாயமான காரியம். ஆனாலும் கணக்குப் பாருங்கள். 1,000 பவுண்டு போட்டவளுக்கு ஐந்து வருஷத்தில் வட்டியாகச் சுமார் 700 பவுண்டு வந்திருக்கும். அசலோடு 1,700. அதே 1,000 பவுண்டுக்கு 2014-ல் தங்கம் வாங்கிப் பெட்டியில் வைத்தவளுக்கு 2019-ல் அது 2,500 பவுண்டுக்கு மேல்! பத்திரம் வாங்கியவளை யாரும் ஏமாற்றவில்லை. சொன்ன வட்டிக்கு மேலேயே கொடுத்தார்கள். அவள் கையில் வந்த நோட்டுதான் இளைத்துப்போய் வந்தது.

இதைச் சொன்னதும் என் அண்ணி, "அதான் மதினி, நான் எப்பவும் நகையா வாங்கிப் போடுன்னு சொல்றது!" என்றாள். அப்படியும் ஒரேயடியாகச் சொல்லிவிட முடியாது. 2012-ல் தங்கம் வாங்கிவிட்டு விலை ஏறாமல் ஏழு வருஷம் காத்திருந்த கதையும் நம் வீடுகளில் உண்டு. அதோடு நகை மூன்று மாதத்துக்கு ஒரு தடவை பால்காரர் கணக்குக்குப் பணம் கொடுக்காது.

வாசலுக்கு வந்தவர்

இப்போது அந்த மனிதரைப் பற்றி. எங்கள் தெருவில் ஏற்கெனவே நாலு வீட்டில் கையெழுத்து வாங்கிவிட்டு வந்திருந்தார். கையில் பளபளவென்று ஒரு புத்தகம். அட்டையில் பாலம், துறைமுகம், காற்றாலை எல்லாம் இருந்தது. "உலகம் பூரா ரோடும் துறைமுகமும் கட்டுறாங்கம்மா. அதுல பங்கு. வருஷத்துக்கு 18 பர்சென்ட் கியாரண்டி. இருபது வருஷத்துக்கு நீங்க கவலையே பட வேண்டாம்" என்றார்.

நான் மோர் கொடுத்து உட்கார வைத்து, "எந்த ஊர் ரோடு சார்?" என்றுதான் முதலில் கேட்டேன். அவருக்குச் சொல்லத் தெரியவில்லை. கட்டி முடிந்து சுங்கம் வசூல் ஆகிற ரோடா, இனிமேல்தான் கட்டப் போகிறதா என்றேன். அதுவும் தெரியவில்லை. பனாமாவில் போனது கட்டாததற்குக் கொடுத்த காசுதானே! பணம் ரூபாயில் வருமா, வேறு நாணயத்திலா என்றேன். கடைசியாக, செபியில் பதிவு செய்த நம்பர் எழுதிக் கொடுங்கள், என் தம்பி பார்த்துச் சொல்லுவான் என்றேன். மோரைக் குடித்துவிட்டு, நாளைக்குக் கொண்டுவருகிறேன் என்று போனவர்தான். ரோட்டிலும் கால்வாயிலும் வரும் வருமானத்துக்கு யாரும் கியாரண்டி கொடுக்க முடியாது, சகோதரிகளே. சூயஸ் கால்வாய்க்கே கொடுக்க முடியவில்லை!

ஆனால் நம் நாட்டில் முறைப்படி இதில் பணம் போடவும் வழி இருக்கிறது. 'இன்விட்' என்று சொல்கிறார்கள். 2014-ல் செபி இதற்கு விதி போட்டது. கட்டி முடித்த ரோடு அல்லது மின்சாரக் கம்பிப் பாதை ஒரு அறக்கட்டளையின் கையில் இருக்கும். அதில் வருகிற பணத்தில் செலவு போக நூற்றுக்குத் தொண்ணூறைப் பங்குதாரர்களுக்குப் பிரித்துக் கொடுத்தே ஆக வேண்டும். பங்குச்சந்தையில் டீமாட் கணக்கு வைத்து வாங்கலாம். மத்திய அரசின் பவர்கிரிட் 2021 மே மாதம் இப்படி ஒன்றை 100 ரூபாய் விலையில் வெளியிட்டது. மூன்று மாதத்துக்கு ஒரு தடவை 3 ரூபாய் கொடுத்து வந்தார்கள். வருஷத்துக்கு 12 என்றதும் பேஷ் என்று தோன்றும். ஆனால் 130 ரூபாய்க்கு மேல் போன அதே யூனிட் பிறகு 100-க்குக் கீழேயும் இறங்கியது.

இதில் ஒரு சூட்சுமம் இருக்கிறது. இது தென்னந்தோப்பைக் குத்தகைக்கு எடுத்த மாதிரி. இருபது வருஷம் தேங்காய் உங்களுடையது, குத்தகை முடிந்தால் தோப்பு சொந்தக்காரனுக்கு. ரோடுகளுக்குப் பெரும்பாலும் இப்படிக் கெடு உண்டு. ஆகையால் வருஷாவருஷம் கையில் வருகிற பணத்தில் கொஞ்சம் லாபம், கொஞ்சம் உங்கள் அசலே திரும்பி வருவது. வந்ததெல்லாம் வட்டி என்று நினைத்துப் பட்டுப்புடவை எடுத்துவிடக் கூடாது.

பங்கு பயமென்றால் பத்திரம் இருக்கிறது. தேசிய நெடுஞ்சாலைக்காரர்களின் இன்விட் 2022 அக்டோபரில் பொதுஜனங்களுக்கே பத்திரம் விற்றது. ஏறக்குறைய 8.05 சதவிகித வருமானம், குறைந்தது 10,000 ரூபாய். அளவுக்கு ஏழு மடங்கு கேட்பு வந்ததாம். ஆனால் கெடு 13, 18 வருஷம், அதற்கு மேலும்! நடுவில் பெண் கல்யாணம் என்றால் சந்தையில் அன்றைய விலைக்குத்தான் விற்க வேண்டும்.

மாமி, அத்தை, கேப்டன்

காசு விஷயம் இவ்வளவுதான். அதைவிட எனக்கு மனசை அலைக்கழித்தது பெண்ணின் விஷயம். கால்வாயும் துறைமுகமும் நூறு வருஷம் இருக்கிறதென்றால், அதை நடத்த நூறு வருஷத்துக்கும் ஆள் வேண்டுமே. பங்கு வாங்காமலே அதில் பிழைக்கிற குடும்பங்கள்தான் அதிகம்.

என் அண்ணன் மகன் கப்பலில் இன்ஜினீயர். அவன் சொல்லுவான்: "அத்தை, சூயஸுக்குள்ள நம்ம கேப்டன் இஷ்டத்துக்குக் கப்பல் ஓட்ட முடியாது. எகிப்து பைலட் ஏணி பிடிச்சு ஏறி வரணும். அவர் சொல்ற மாதிரிதான் போகணும்." கப்பலைக் கயிறு கட்டும் படகுக்காரர்களும் தங்கள் படகோடு மேலே ஏறிக்கொள்வார்களாம். ராத்திரி விளக்குக்கென்று ஒரு எலெக்ட்ரீஷியன் தனியே. அந்தப் படகுக்காரர்கள் சும்மா இருக்கிற நேரத்தில் கப்பல் வராந்தாவிலேயே கடை விரித்துப் பிரமிடு பொம்மையும் பாப்பிரஸ் படமும் விற்பார்களாம். எங்கள் வீட்டு ஷோகேஸில் இருக்கிற பூனைப் பொம்மை அப்படி வந்ததுதான்.

1956-ல் கால்வாயை நாட்டுடைமை ஆக்கியபோது பைலட்டுகளில் பெரும்பாலோர் வெளிநாட்டார். செப்டம்பரில் அவர்கள் ஒரே ராத்திரியில் வேலையை விட்டுப் போய்விட்டார்கள். எகிப்தியர்களால் கப்பல் ஓட்ட முடியாது, கால்வாய் மூடிவிடும் என்று எல்லாரும் எதிர்பார்த்தார்கள். இருந்த கொஞ்சம் எகிப்தியப் பைலட்டுகளும், கிரேக்கர் முதலானோரும் ராப்பகலாக நின்று கால்வாயை ஓட்டிக்காட்டினார்கள். தொழில் தெரிந்த கை இருந்தால் கால்வாய் யார் பெயரில் இருந்தால் என்ன?

அதே எகிப்தில் மார்வா எல்செலெஹ்தார் என்று ஒரு பெண். அண்ணன் தம்பியைப் போல் தானும் கப்பல் படிப்புப் படிக்க வேண்டும் என்று மனுப் போட்டாள். அந்தக் கல்லூரியில் அதுவரை ஆண்களுக்குத்தான் இடம். ஜனாதிபதி முபாரக் வரை போய் அனுமதி வந்தது. 2015-ல் புதிய சூயஸைக் கடந்த கப்பலில் கேப்டனாக நின்ற முதல் எகிப்தியப் பெண் அவள்தான். 2021 மார்ச்சில் 'எவர் கிவன்' என்ற 400 மீட்டர் நீளக் கப்பல் குறுக்கே சிக்கி ஆறு நாள் கால்வாய் அடைத்துக்கொண்டதே, நினைவிருக்கிறதா? அந்தக் கப்பலில் இருந்த 25 பேரும் நம் இந்தியர்கள். அந்தச் சமயம், கப்பலைச் சிக்க வைத்தது மார்வாதான் என்று யாரோ பொய்ச் செய்தி தயாரித்துப் பரப்பிவிட்டார்கள். அவளோ அன்றைக்கு வெகு தூரத்தில் அலெக்ஸாண்ட்ரியாவில் வேறு கப்பலில் வேலையில் இருந்தாள்! ஒரு பெண் புது வேலைக்குப் போனால் எங்கோ நடந்ததற்கும் அவள் தலையில் பழி. இதைப் படித்துவிட்டு இரண்டு நாள் என் பெண்ணிடம் நான் சரியாகப் பேசவில்லை.

"எம்மா, அவங்க வேலைய விட்டுட்டாங்களா? இல்லேல்ல?" என்று அவள்தான் பேச்சை எடுத்தாள். "நம்ம மெட்ராஸ் அக்கா ஒருத்தங்க கல்கத்தாவுல பைலட்டா இருக்காங்க தெரியுமா?" என்று போனில் படம் காட்டினாள். ரேஷ்மா நிலோபர் நாஹா, சென்னைப் பெண். ஹூக்ளி நதியில் மணல்திட்டும் வளைவுமாக இருக்கிற பாதையில் கடல் கப்பல்களைத் துறைமுகத்துக்குக் கொண்டுவருகிற வேலை. 2018-ல் நாட்டிலேயே இந்த வேலைக்கு வந்த முதல் பெண். கேரளத்து ராதிகா மேனன் இன்னும் மூத்தவர். 2015-ல் வங்கக்கடலில் தத்தளித்த ஏழு மீனவர்களைப் புயல் காற்றில் காப்பாற்றியதற்காக உலகக் கடல்சார் அமைப்பின் வீரவிருதை 2016-ல் வாங்கினார். அந்த விருது பெற்ற முதல் பெண்மணி.

இரண்டு மூன்று பேரைச் சொல்லி எல்லாம் சுலபம் என்று நான் சொல்ல வரவில்லை. உலகத்துக் கப்பல்களில் வேலை பார்ப்பவர்களில் பெண்கள் நூற்றுக்கு இரண்டு பேர்கூட இல்லை. மாதக்கணக்கில் கடல், சின்னக் கேபின், இருபது ஆண்களுக்கு நடுவில் ஒருத்தி. பிள்ளை பெற்ற பிறகு என்ன செய்வாள் என்று என் மாமியார் கேட்டார்கள். நியாயமான கேள்வி. பைலட் வேலை, துறைமுக அதிகாரி வேலை, கப்பல்களைப் பரிசோதிக்கும் வேலை எல்லாம் கரையில் இருந்து செய்வது, ஆனால் கடலில் சில வருஷம் கழித்தவர்களுக்குத்தான் கிடைக்கும் என்று அண்ணன் மகன் சொன்னான். கடலே வேண்டாம் என்றால் சிவில் படித்துத் துறைமுகம் கட்டப் போகலாம், தூர்வாரும் தொழிலுக்குப் போகலாம். விசாகப்பட்டினத்தில் அதற்கென்றே 1976-லிருந்து மத்திய அரசின் முயற்சியில் வந்த டிரெட்ஜிங் கார்ப்பரேஷன் இருக்கிறது.

மகள் கேட்பது கப்பல்தளப் படிப்பு. வீட்டில் யாராவது இப்படிக் கேட்டால் உங்களுக்கு உதவட்டும் என்று நான் விசாரித்ததைச் சொல்லிவிடுகிறேன். பன்னிரண்டாவதில் பௌதிகம், ரசாயனம், கணிதம் மூன்றும் சேர்த்து 60 சதவிகிதம் வேண்டும், இங்கிலீஷில் தனியாக 50. சென்னையில் தலைமையகம் உள்ள இந்தியக் கடல்சார் பல்கலைக்கழகம் வருஷத்துக்கு ஒரு தடவை நுழைவுத்தேர்வு வைக்கிறது. சம்பளம் வருஷத்துக்கு இரண்டு லட்சத்தைத் தாண்டும், ஆகையால் வங்கிக் கடன் விஷயத்தை முதலிலேயே பேசிவிடுங்கள். கப்பல்தளப் பிரிவுக்குக் கண்ணாடியில்லாமலே நல்ல பார்வை இருக்க வேண்டும், நிறம் பிரித்துத் தெரியாத குறை இருக்கவே கூடாது. மார்க்கெல்லாம் வாங்கிவிட்டுக் கண்ணில் தோற்றுத் திரும்புகிற பிள்ளைகள் உண்டாம். கப்பலில் வேலை வாங்கித்தருகிறேன், மூன்று லட்சம் கொடு என்கிற ஆட்களை நம்பவே கூடாது. கப்பலுக்கு ஆள் அனுப்பும் ஏஜென்சிக்குக் கப்பல்துறை இயக்குநரகத்தின் ஆர்.பி.எஸ்.எல். லைசென்ஸ் இருக்க வேண்டும், வேலைக்காக மாலுமியிடம் அவர்கள் காசு வாங்குவது சட்டப்படி தப்பு.

சீட்டுப் பணம் இரண்டு லட்சத்தில் 30,000-க்கு மட்டும் கட்டி முடித்த ரோடுகள் வைத்திருக்கிற ஒரு இன்விட் யூனிட் வாங்கச் சொல்லித் தம்பியிடம் கொடுத்திருக்கிறேன். விலை பாதியானாலும் அடுப்பு எரியும் என்கிற அளவுதான் அது. மீதியைப் போஸ்ட் ஆபீஸில் ஒரு வருஷக் கெடுவில் போட்டாயிற்று, மகளுக்கு முதல் வருஷ சம்பளத்துக்காக. அவள் அப்பா இன்னும் வாயைத் திறந்து சரி என்று சொல்லவில்லை. ஆனால் கப்பல்துறை அங்கீகரித்த டாக்டர்கள் பட்டியலை ஆபீஸில் பிரிண்ட் எடுத்துக்கொண்டு வந்து, எதுவும் சொல்லாமல் டி.வி. மேல் வைத்துவிட்டுப் போனார். வருகிற சனிக்கிழமை கண் பரிசோதனைக்கு நேரம் வாங்கியிருக்கிறோம்.